காணாமல் போன தம்பி: ஆர்.சி.எஸ். நோட்டீஸில் கையெழுத்திடலாமா?

கேள்வி: என் தம்பி பொறியியல் மூன்றாம் ஆண்டு படித்துக்கொண்டிருந்தான். 2023 ஆகஸ்டில் ஒரு ஞாயிறு மாலை விடுதியிலிருந்து வெளியே போனவன் திரும்பவில்லை. செல்பேசி அறையிலேயே இருந்தது. நான்தான் புகார் கொடுத்தேன். முதலில், புகாரைப் பெற்றுக்கொண்டதற்கான சி.எஸ்.ஆர். ரசீது மட்டும் தந்தார்கள். நான்கு நாள் கழித்துத்தான் எஃப்.ஐ.ஆர். பதிவானது. இரண்டு ஆண்டுகளுக்கு மேல் ஓடிவிட்டன. சென்ற வாரம் ஒரு காவலர் வீட்டுக்கு வந்து, "கண்டுபிடிக்க இயலவில்லை, வழக்கை முடிக்கிறோம்" என்று ஒரு நோட்டீஸை நீட்டிக் கையெழுத்துக் கேட்டார். நான் வாங்காமல் திருப்பி அனுப்பிவிட்டேன். டெல்லியில் நஜீப் என்ற மாணவரின் வழக்கையே சி.பி.ஐ. முடித்துவிட்டது, நம் வழக்கு எம்மாத்திரம் என்கிறார்கள் உறவினர்கள். ஏழு ஆண்டு போனதும் இறப்புச் சான்றிதழ் வாங்கிவிடலாம் என்று ஒருவர் அம்மாவின் காதுபடவே சொன்னார். ரேஷன் கடையிலும் விரல்ரேகை வைக்காதவர் பெயரை நீக்கச் சொல்கிறார்கள். நான் என்ன செய்ய வேண்டும்?
— பெயர், ஊர் வெளியிட விரும்பாத வாசகி

அன்புச் சகோதரிக்கு,

காவல் நிலையத்துக்கே போய் அந்த நோட்டீஸை வாங்கிக்கொள்ளுங்கள். மற்ற எல்லாவற்றையும்விட இதற்குத்தான் அவசரம். நீங்கள் வாங்காவிட்டால் "வாங்க மறுத்தார்" என்று எழுதிக்கொண்டு போய்விடுவார்கள். அறிக்கை நீதிமன்றத்துக்குப் போகும், உங்கள் பேச்சு இல்லாமலே ஒரு நாள் முடிந்தும் போகும். வழக்கை இத்தோடு முடிக்கும் காவல்துறை அறிக்கையை (Referred Charge Sheet) உங்களுக்குத் தெரிவிக்கும் தாள் என்பதால், நீதிமன்ற வட்டாரத்தில் இதை ஆர்.சி.எஸ். நோட்டீஸ் என்போம். அவர்கள் கையெழுத்துக் கேட்கும் நகலில் "பெற்றுக்கொண்டேன், எனக்கு ஆட்சேபணை உண்டு" என்று உங்கள் கைப்பட எழுதுங்கள். தேதி போடுங்கள். அதற்குக் கீழே கையெழுத்திடுங்கள். வெறும் கையெழுத்தைப் போட்டுக் கொடுத்துவிட்டு, "புகார்தாரருக்கு ஆட்சேபணை இல்லை" என்று கோப்பில் ஏறியிருப்பதைப் பின்னால் பார்த்து என் மேசைக்கு முன்னால் உட்கார்ந்து அழுதவர்களைப் பார்த்திருக்கிறேன். உங்களுக்கு அது நேரக்கூடாது.

காவல்துறை தாக்கல் செய்வது அதன் கருத்து மட்டுமே. ஏற்பதா வேண்டாமா என்று முடிவு செய்பவர் நீதித்துறை நடுவர். அவர் ஏற்பதற்கு முன் புகார் கொடுத்தவருக்கு அறிவிப்புக் கொடுத்து, அவர் சொல்வதைக் கேட்க வேண்டும் என்று பகவந்த் சிங் வழக்கில் 1985ஆம் ஆண்டே உச்ச நீதிமன்றம் சொல்லிவிட்டது. அப்படிச் சொல்வதற்கான மனுவைத்தான் ஆட்சேபணை மனு என்கிறோம். அதைப் படித்துவிட்டு நடுவர் மேல் விசாரணைக்கு உத்தரவிடலாம். உங்கள் வழக்கு, புதிய சட்டம் நடைமுறைக்கு வந்த 2024 ஜூலை 1ஆம் தேதிக்கு முன் பதிவானது என்பதால் பழைய குற்றவியல் நடைமுறைச் சட்டத்தின் 173(8) பிரிவின்கீழ் கேளுங்கள். புதிய சட்டத்தின் பிரிவைக் குறிப்பிட்டு மனுப் போட்டு, அது திருத்தத்துக்குத் திரும்பி வந்து இரண்டு மாதம் வீணாக வேண்டாம்.

ஆனால் மனுவில் என்ன எழுதுவது? "என் தம்பியைத் தேடித் தாருங்கள்" என்று எழுதினால் நடுவர் இரக்கப்படுவார். உத்தரவு போட அவருக்குப் பிடிமானம் கிடைக்காது. எதைக் கேட்கவில்லை, யாரைக் கேட்கவில்லை, எந்தத் தாளை வாங்கவில்லை என்று இனம்பிரித்துச் சொல்ல வேண்டும். உங்கள் உறவினர்கள் சொன்ன நஜீப் வழக்கை நீங்கள் வேறு விதமாகப் படிக்க வேண்டும் என்று நான் விரும்புவது இதனால்தான்.

நஜீப் அகமது, உத்தரப் பிரதேசத்தின் பதாயூனைச் சேர்ந்தவர். ஜவாஹர்லால் நேரு பல்கலைக்கழகத்தில் உயிரித் தொழில்நுட்பம் முதுகலை முதலாண்டு மாணவர். 2016 அக்டோபர் 14 இரவு மாஹி-மாண்டவி விடுதியில் அவருக்கும் வேறு சில மாணவர்களுக்கும் மோதல் நடந்தது. மறுநாள் தாய் பாத்திமா நஃபீஸ் டெல்லிக்கு வந்து சேர்ந்தபோது மகனோடு தொலைபேசியில் பேசியிருக்கிறார். விடுதிக்குப் போய்ப் பார்த்தால் மகன் இல்லை. செல்பேசி அறையிலேயே இருந்தது, உங்கள் தம்பியுடையதைப் போலவே. அந்த ஒரு பயண நேரத்துக்குள் என்ன நடந்தது என்பது இன்றுவரை யாருக்கும் தெரியவில்லை.

முதலில் டெல்லி காவல்துறை விசாரித்தது. உயர் நீதிமன்ற உத்தரவால் 2017 மே மாதம் சி.பி.ஐ. எடுத்துக்கொண்டது. பத்து லட்சம் ரூபாய் பரிசு அறிவிக்கப்பட்டது. நஜீபை ஜாமியா மில்லியா பல்கலைக்கழகத்தில் இறக்கிவிட்டதாக ஓர் ஆட்டோ ஓட்டுநர் சொன்னார் என்றது காவல்துறை. அவர் நஜீபை ஏற்றிச் செல்லவே இல்லை, அந்த வாக்குமூலம் நெருக்குதலால் வந்தது என்று பின்னர் சி.பி.ஐ. நீதிமன்றத்தில் தெரிவித்தது. சகோதரி, இந்த இடத்தில் சற்று நில்லுங்கள். தேடலின் முதல் மாதங்களில் ஒரு தவறான வாக்குமூலம் நுழைந்தால் தேடுகிறவர்களின் கால்கள் எல்லாம் அந்தத் திசையில் போய்விடும். மோதல் நடந்த இரவில் நஜீபை மருத்துவமனைக்கு அழைத்துச் சென்றதாகச் சொல்லப்பட்டது. அங்கே அவரைப் பற்றிய பதிவு எதுவும் கிடைக்கவில்லை. ஒரு மருத்துவக் குறிப்பு அன்று எழுதப்பட்டிருந்தால் அவர் உடல்நிலை என்ன, மனநிலை என்ன, யார் உடன் வந்தார் என்று ஏதோ ஒன்றாவது நமக்குத் தெரிந்திருக்கும்.

மோதலில் பெயர் சொல்லப்பட்ட மாணவர்களுக்கும் காணாமல் போனதற்கும் தொடர்பு காட்டும் சான்று கிடைக்கவில்லை என்று சொல்லி 2018 அக்டோபரில் சி.பி.ஐ. முடிவறிக்கை கொடுத்தது. தாய் விடவில்லை. 2020இல் ஆட்சேபணை மனு போட்டார். 2025 ஜூன் 30 அன்று டெல்லி நீதிமன்றம் முடிவறிக்கையை ஏற்றது. உங்கள் உறவினர்கள் இவ்வளவோடு நிறுத்திவிட்டார்கள். அதே உத்தரவில், நஜீப் பற்றி நம்பகமான தகவல் கிடைத்தால் விசாரணையைத் திரும்பத் திறக்கலாம் என்றும் இருக்கிறது. நடைமுறை முடிவுக்கு வந்தாலும் அந்தத் தாய்க்கு விடை கிடைக்கவில்லை என்ற வருத்தத்தையும் நடுவர் பதிவு செய்திருக்கிறார். தாய் தோற்றார் என்று சொல்பவர்களுக்கு இதைச் சொல்லுங்கள்: அவர் எழுப்பிய ஒவ்வொரு கேள்விக்கும் நாட்டின் முதன்மையான புலனாய்வு அமைப்பு எழுத்தில் பதில் சொல்ல நேர்ந்தது. அந்தப் பதில்கள் எல்லாம் இன்று நீதிமன்றப் பதிவில் இருக்கின்றன. நாளை ஒரு புதிய தகவல் வந்தால் அதை ஒப்பிட்டுப் பார்க்க ஓர் ஆவணம் இருக்கிறது. உங்கள் தம்பியின் வழக்கில் அப்படி எதுவும் இன்னும் இல்லை.

இன்னொரு மாணவரைப் பற்றியும் சொல்ல வேண்டும். சூழ்நிலை முற்றிலும் வேறு. உங்கள் தம்பிக்கு அப்படி நேர்ந்திருக்கும் என்று நான் சொல்லவில்லை. தயவுசெய்து அப்படி எண்ணிக் கலங்காதீர்கள். அந்த வழக்கில் ஒரு தாள் செய்த வேலைக்காகத்தான் சொல்கிறேன்.

கோழிக்கோடு மண்டலப் பொறியியல் கல்லூரியின் இறுதியாண்டு மாணவர் ராஜன். நெருக்கடி நிலைக் காலம். காயண்ணா காவல் நிலையத்தை நக்சலைட்டுகள் தாக்கியதைத் தொடர்ந்து, 1976 மார்ச் 1 அதிகாலையில் காவல்துறை அவரைப் பிடித்துச் சென்றது. தந்தை ஈச்சர வாரியர், ஓய்வுபெற்ற இந்திப் பேராசிரியர். அவர் ஏறாத படியில்லை, எழுதாத மனுவில்லை. அப்படி ஒருவரைப் பிடிக்கவே இல்லை என்பதுதான் அவருக்குக் கிடைத்த பதில். பிடித்து வைத்திருப்பவரை நீதிமன்றத்தில் நிறுத்தக் கோரும் ஆட்கொணர்வு மனுவை நெருக்கடி நிலையில் போடும் உரிமையே இல்லை என்று அந்த ஏப்ரலில் உச்ச நீதிமன்றமே சொல்லியிருந்தது. ஆகவே அவர் காத்திருந்தார். 1977 மார்ச்சில் நெருக்கடி நிலை விலக்கப்பட்ட சில நாட்களிலேயே கேரள உயர் நீதிமன்றத்தில் மனுப் போட்டார்.

அரசுத் தரப்பு அப்போதும் மறுத்தது. எதிரே ஒரு முதியவர். அவர் கையில் இருந்தவை என்ன தெரியுமா? உங்கள் மகனைக் காவல்துறை அழைத்துச் சென்றது என்று கல்லூரி முதல்வர் உடனுக்குடன் எழுதிய கடிதம். பிடித்துச் சென்றதைப் பார்த்தவர்களின் சாட்சியம். காவல்துறையின் கக்கயம் முகாமில் ராஜனோடு அடைபட்டிருந்தவர்களின் சாட்சியம். நீதிபதிகள் சுப்பிரமணியன் போற்றி, காலித் இருவரும் ஏப்ரல் 13 அன்று தீர்ப்பளித்தார்கள்: ராஜன் காவலில் இருந்தார், ஏப்ரல் 21இல் அவரை நீதிமன்றத்தில் நிறுத்துங்கள். நிறுத்த முடியவில்லை. ராஜன் காவலில் இறந்துவிட்டார் என்று அதன் பிறகே ஒப்புக்கொண்டார்கள். நெருக்கடி நிலையில் கேரள உள்துறை அமைச்சராக இருந்து அப்போது முதலமைச்சராகியிருந்த கருணாகரன், பதவியேற்ற ஒரே மாதத்தில் விலக நேர்ந்தது. குற்ற வழக்கு நம் கோயம்புத்தூர் நீதிமன்றத்துக்கு வந்தது. காவல் அதிகாரிகளுக்கு இங்கே கிடைத்த தண்டனை மேல்முறையீட்டில் நிற்கவில்லை. உடல் கிடைக்கவே இல்லை. அது எங்கே என்ற கேள்வியோடுதான் 2006இல் ஈச்சர வாரியர் காலமானார்.

ஓர் அரசாங்கமே இல்லை என்று சாதித்ததை உடைத்தது, நிகழ்ந்த அன்றைக்கே, சம்பந்தமில்லாத ஒருவர், தம் கடமை என்று கருதி எழுதிய ஒரு கடிதம். பின்னால் எழுதப்படும் நூறு மனுக்களுக்கு அந்த வலு வராது. உங்கள் தம்பி காணாமல் போன அந்த ஞாயிற்றுக்கிழமைக்கும் அப்படிப்பட்ட தாள்கள் இருந்திருக்கும். சில அழிந்திருக்கும், சில இன்னும் இருக்கும். ஆட்சேபணை மனுவை அவற்றைச் சுற்றி எழுதுங்கள்.

முதலில் விடுதி. வெளியே செல்வோர் பதிவேட்டில் அன்று அவன் கையெழுத்து உண்டா? எத்தனை மணி? போகுமிடம் என்ற இடத்தில் என்ன எழுதியிருக்கிறான்? அவனுக்கு முன்னும் பின்னும் கையெழுத்திட்டவர்கள் யார்? அவர்களைக் காவல்துறை விசாரித்ததா? பெரும்பாலான கோப்புகளில் அறைத்தோழர், காப்பாளர், வாயிற்காவலர் என்று மூன்று வாக்குமூலங்கள் இருக்கும். மூன்றும் ஒரே வார்த்தைகளில் இருக்கும். அந்த மூன்று பேரைத் தாண்டி நான்காவதாக ஒருவரைக் கேட்டார்களா என்று பாருங்கள். அதற்கு முந்திய இரண்டு வாரங்களின் வருகைப் பதிவேடு, தேர்வு முடிவு, ஒழுங்கு நடவடிக்கை ஏதேனும் இருந்தால் அதன் தாள், கட்டணம் கட்டச் சொல்லி அனுப்பிய அறிவிப்பு எல்லாம் கல்லூரியில் இருக்கும். இவற்றைக் கேட்டுக் கல்லூரி முதல்வருக்கு நீங்களே ஒரு கடிதம் எழுதுங்கள். தராவிட்டால், கேட்டதும் தராததும் உங்கள் மனுவின் ஒரு பத்தியாகும்.

அடுத்து செல்பேசி. அறையில் கிடைத்ததைக் காவல்துறை கைப்பற்றியதா, தடய அறிவியல் துறைக்கு அனுப்பியதா, இல்லை உங்களிடமே திருப்பித் தந்துவிட்டதா என்று நீங்கள் எழுதவில்லை. வீட்டில் இருந்தால் இனி யாரும் அதைத் திறந்து பார்க்க வேண்டாம். கடைக்காரரிடம் கொடுத்துப் பூட்டை உடைக்கவே வேண்டாம். அழைப்புப் பதிவுகளைச் செல்பேசி நிறுவனங்கள் கட்டாயம் வைத்திருக்க வேண்டிய காலம் இரண்டு ஆண்டுதான். உங்களுக்கு அந்தக் கெடு தாண்டிவிட்டது. அன்றே வாங்கியிருந்தால் கோப்பில் இருக்கும். வாங்கியிருக்காவிட்டால் பெரும்பாலும் இனிக் கிடைக்காது. கண்காணிப்புக் கேமராப் பதிவுகளோ சில வாரங்களில் அழிந்துவிடுபவை. இதை மறைத்துப் பொய்யான நம்பிக்கை தர நான் விரும்பவில்லை. ஆனால் வங்கிக் கணக்கு விவரம் அழியாது. கடைசியாக எப்போது, எந்த ஏ.டி.எம்.மில் எடுத்தான், யாருக்குப் பணம் அனுப்பினான் என்பதெல்லாம் இன்றும் கிடைக்கும்.

ஆதார் பற்றியும் ஒரு வார்த்தை. உயிரோடு எங்கோ வேலை செய்துகொண்டிருக்கும் இளைஞன் இரண்டு ஆண்டில் ஒருமுறையாவது சிம் கார்டுக்கோ வங்கிக் கணக்குக்கோ ஆதாரைப் பயன்படுத்தியிருக்கக்கூடும். அந்த விவரத்தைக் காவல்துறை தானாகக் கேட்டு வாங்க முடியாது. ஆதார் சட்டத்தின் 33ஆவது பிரிவுப்படி உயர் நீதிமன்ற நீதிபதியின் உத்தரவு வேண்டும். உத்தரவு கிடைத்தே தீரும் என்று நான் சொல்லமாட்டேன். யாரும் கேட்காததால் வராமலே போன உத்தரவுகள் நிறைய உண்டு.

மூன்றாவது, கேட்கவே உங்களுக்கு மனம் வராத கேள்வி. 2023 ஆகஸ்டுக்குப் பிறகு அந்த மாவட்டத்திலும் பக்கத்து மாவட்டங்களிலும் ரயில் பாதை ஓரத்திலும் கண்டெடுக்கப்பட்ட அடையாளம் தெரியாத உடல்களோடு உங்கள் தம்பியின் விவரங்களை ஒப்பிட்டார்களா? ரயில்வே காவல்துறைக்குத் தகவல் போனதா? மரபணு ஒப்பீட்டுக்கு உங்கள் அம்மாவின் ரத்த மாதிரியை எடுத்தார்களா? எடுக்கவில்லை என்றால் அதை மனுவில் கேளுங்கள். அம்மாவிடம் எப்படிச் சொல்வது என்று தயங்குவீர்கள். தெரியாமல் எடுக்க வேண்டாம். அவரிடம் சொல்லியே எடுங்கள். இவ்வளவு நாள் தாங்கியவர் இதையும் தாங்குவார். தனக்குத் தெரியாமல் வீட்டில் ஏதோ நடக்கிறது என்ற எண்ணத்தைத்தான் தாய்மார்களால் தாங்க முடிவதில்லை.

இதற்கு நேரெதிரான ஒன்றுக்கும் உங்களைத் தயார்செய்துகொள்ள வேண்டும். அவன் தானாகப் போயிருக்கலாம். கண்டுபிடித்தாலும், வயதுவந்தவன், வீட்டுக்கு வரமாட்டேன் என்று சொல்ல அவனுக்கு உரிமை உண்டு. அப்போது நலமாக இருக்கிறான் என்ற செய்தி மட்டும் உங்களுக்கு வந்து சேரும்.

உயர் நீதிமன்றத்தில் ஆட்கொணர்வு மனு போடலாமே என்று பலர் சொல்லியிருப்பார்கள். யாரோ சட்டவிரோதமாகப் பிடித்து வைத்திருக்கிறார்கள் என்று சந்தேகிக்க ஓர் அடிப்படை இருந்தால்தான் அது பலன் தரும். வெறும் காணாமல் போன வழக்கென்றால், விசாரணையைத் தொடருங்கள் என்று சொல்லி முடித்துவிட வாய்ப்பு அதிகம். உங்கள் கடிதத்தில் அப்படிப்பட்ட சந்தேகம் எதுவும் இல்லை. எனவே முதலில் நடுவரிடமே போங்கள். அவர் மறுத்தால் உயர் நீதிமன்றம் இருக்கிறது; வேறு புலனாய்வுப் பிரிவுக்கு மாற்றக் கேட்பதும் அங்கேதான்.

ஏழு ஆண்டுக் கணக்கைப் பற்றி உறவினர் சொன்னது பாதி உண்மை. ஒருவரைப் பற்றி, இயல்பாகத் தெரிந்திருக்க வேண்டியவர்களுக்கே ஏழு ஆண்டு எந்தத் தகவலும் இல்லையென்றால், உயிரோடிருக்கிறார் என்று சொல்பவர்தான் அதை நிரூபிக்க வேண்டும் என்கிறது சட்டம். பழைய சாட்சியச் சட்டத்தில் 108ஆவது பிரிவு, புதியதில் 111. ஏழாவது ஆண்டு முடிந்த மறுநாள் தானாக எதுவும் நடந்துவிடாது. யாராவது நீதிமன்றத்தில் அந்தக் கேள்வியை எழுப்பினால்தான் அந்த அனுமானமே பிறக்கும், எந்த நாளில் இறந்தார் என்பதையும் அது சொல்லாது என்று 2004இல் உச்ச நீதிமன்றம் விளக்கியிருக்கிறது. சொத்துப் பிரிவினையோ காப்பீடோ வந்து நின்றால் அதற்குத் தேவைப்படும். திருமணமாகாத, சொத்தில்லாத ஒரு மாணவனுக்கு அப்படி என்ன அவசரம்? உங்களுக்கு வேண்டாமென்றால் 2030 வந்தாலும் வேண்டாம். யாரும் உங்களைக் கட்டாயப்படுத்த முடியாது. இதை அம்மாவிடம் இந்த வார்த்தைகளிலேயே சொல்லலாம்.

ரேஷன் அட்டை இதைவிடச் சின்ன விஷயம், ஆனால் உங்கள் கடிதத்தில் அந்த வரியைத்தான் நான் இரண்டு முறை படித்தேன். எஃப்.ஐ.ஆர். நகலை இணைத்து, இவர் காணாமல் போனவர், தேடப்பட்டு வருகிறார், ஆகவே விரல்ரேகை பதிய இயலவில்லை என்று வட்ட வழங்கல் அலுவலருக்கு மனு கொடுத்து ரசீது வாங்கிக்கொள்ளுங்கள். அப்படியும் பெயர் நீங்கினால், அவன் இறந்துவிட்டதாக நீங்கள் ஒப்புக்கொண்டதாக அதற்குப் பொருளில்லை. வந்ததும் சேர்த்துக்கொள்ளலாம்.

கடைசியாக ஓர் எச்சரிக்கை. இனி நீங்கள் படம் போட்டு, தொலைபேசி எண் போட்டு விளம்பரம் செய்தால் அழைப்புகள் வரும். தம்பி எங்களிடம் இருக்கிறான், பணம் அனுப்பு என்பார்கள். நஜீபின் குடும்பத்துக்கும் அப்படி அழைப்பு வந்து, பொய்யாகப் பணம் கேட்டவர் கைதானார். விளம்பரத்தில் அவனுடைய அடையாளங்கள் எல்லாவற்றையும் எழுதிவிடாதீர்கள். வீட்டாருக்கு மட்டும் தெரிந்த தழும்போ, செல்லப்பெயரோ ஒன்றை வெளியில் சொல்லாமல் வைத்திருங்கள். அழைப்பவரிடம் அதைக் கேளுங்கள்.

இந்த வாரம் இரண்டு வேலை முடித்துவிடுங்கள். ஒன்று, ஆட்சேபணையை எழுதி நோட்டீஸை வாங்குவது. மற்றொன்று, கல்லூரி முதல்வருக்கான கடிதம். சேர்ந்ததற்கான ஒப்புகையோடு விரைவுத் தபாலில் அனுப்புங்கள். பிறகு நீதிமன்றத்தில் நகல் மனுப் போட்டு, முடிவறிக்கையையும் அதோடு இணைத்த வாக்குமூலங்களையும் வாங்குங்கள். வழக்கறிஞர் வைக்க வசதியில்லையென்றால் அதே நீதிமன்ற வளாகத்தில் சட்டப்பணிகள் குழு இருக்கும். பெண்களுக்கு வருமான வரம்பு பார்க்காமல் இலவசமாக வழக்கறிஞர் தருவார்கள். வாக்குமூலங்கள் கைக்கு வந்ததும் அவற்றை நீங்களே முதலில் படியுங்கள். உங்கள் தம்பியைத் தெரிந்தவர் என்ற முறையில், "இப்படி இருக்காதே" என்று உங்களுக்குத் தோன்றும் ஒவ்வொரு வரியின் கீழும் பென்சிலால் கோடு போட்டு, வழக்கறிஞரிடம் எடுத்துக்கொண்டு போங்கள்.